'கூலி' என்று எழுதினால் போதுமா?

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் போனால், சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிட்டதை மூக்கே சொல்லிவிடும். அந்தக் காற்றைப் பற்றிக் குடிகாடு, ஈச்சங்காடு மக்கள் ஆண்டுக்கணக்காக முறையிட்டு வருகிறார்கள். தோல், நுரையீரல், புற்றுநோய் என்று பேச்சு அடிபடும். ரசாயனத்தோடு புழங்கும் ஆண்களின் விந்தணு பற்றி மட்டும் மூச்சு விட மாட்டோம். கல்யாணமாகி நாலு வருஷம் குழந்தை இல்லையென்றால் முதலில் ஆஸ்பத்திரி ஏறுவது மனைவிதான். கணவன் கூட வந்தாலும் சீட்டில் 'தொழில்: கூலி' என்று எழுதுவதோடு சரி. எந்தக் கூலி என்று கேட்பார் இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி அது என்பதை உலகுக்குக் காட்டியவர்கள் தொழிலாளர்கள்தான். கலிஃபோர்னியாவின் லாத்ராப் ஊரில் ஒரு பூச்சிமருந்து ஆலை. கூட வேலை பார்க்கும் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லையே என்று அவர்களே தங்களுக்குள் பேசிக்கொண்டு 1977-ல் சோதனைக்குப் போனார்கள். டி.பி.சி.பி. என்ற நூற்புழுக்கொல்லியைக் கையாண்டவர்களில் பலருக்கு விந்தணு மிகக் குறைவு; சிலருக்கு அறவே இல்லை. அந்த மருந்து விலங்குகளின் விரையைச் சுருக்குகிறது என்று 1961-லேயே ஆய்வுக் கட்டுரை வந்திருந்தது. ஆலைக்குள் யாரும் அதைச் சொல்லவில்லை. 1979-ல் அமெரிக்கா அதன் பயன்பாட்டைப் பெரும்பாலும் நிறுத்தியது.

அந்த மருந்து போய்விட்டது, மருந்தடிக்கும் வேலை போகவில்லை. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்க வயல்களில் முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு, கைலியை மடித்துக் கட்டி இறங்குகிறவரை நினைத்துப் பாருங்கள். மூடி ஒழுகினால் மருந்து முதுகு வழியாக இடுப்புக்கு இறங்கும். பாரத்தியான் என்ற பூச்சிமருந்தை வைத்து அமெரிக்கத் தோல் மருத்துவர் மேய்பாக் குழுவினர் அளந்தபோது, முன்கைத் தோலைவிட விரைப்பைத் தோல் ஏறக்குறைய 12 மடங்கு உறிஞ்சியது. முகமூடியைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். நனைந்த கைலியைப் பற்றியும் பேச வேண்டும்.

சூடும் ஒரு காரணம். விந்தணு உருவாக விரையின் சூடு உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருக்க வேண்டும். விருத்தாசலத்துப் பீங்கான் சூளை, வெல்டிங் பட்டறை, இன்ஜின் சூட்டில் நாள் முழுக்க லாரி ஓட்டுவது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பழைய பேட்டரி உருக்கும் இடத்தில் சூட்டோடு ஈயமும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு விந்தணு உருவாகி வெளியே வர ஏறத்தாழ மூன்று மாதம் பிடிக்கும். ஆக, ஆடியில் சோதனைக்குக் கொடுக்கும் விந்து மாதிரி சித்திரையில் பார்த்த வேலையைத்தான் காட்டும். மருந்தடித்த பருவத்தையொட்டி எடுத்த ஒரே ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது. அந்த வேலையை விட்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லலாம். வேலைத் துணியோடு வீட்டுக்குள் வராமல், குளித்து மாற்றிக்கொள்வதும் வேண்டும்.

டி.பி.சி.பி. வேலையை விட்ட பிறகு சிலருக்கு எண்ணிக்கை திரும்பியது. நீண்ட காலம் அதிலேயே கிடந்தவர்களில் பலருக்குத் திரும்பவே இல்லை.