மங்கிய விளக்கும் துள்ளும் காலும்

மன்னார்ப் பெருநிலப்பரப்பிலுள்ள முருங்கனும் அதனை அடுத்த ஊர்களும் கட்டுக்கரைக் குளத்து நீரால் நெல் விளைப்பவை. மாதோட்டம் எனப் பெயர் பெற்ற இப்பகுதிக்கு நெல்லைப் போலவே பெயர் தேடித் தந்த மற்றொரு விளைச்சலும் உண்டு. அது நாட்டுக்கூத்து. கோயில் திருநாளை ஒட்டியும் வேளாண்மை ஓய்ந்த நாட்களிலும் இரவில் அரங்கேறும் இக்கூத்தினைக் கமராவிற் பிடிக்க ஆசைப்படும் இளைஞர் பலர். ஆனால், மறுநாட் காலையில் படங்களைப் பார்ப்போர் முகத்தில் மகிழ்ச்சியைக் காண்பது அரிது. மேடையிலே கம்பீரமாகத் துள்ளி நின்ற அரசன், படத்திலே புகையாய்க் கலைந்து கிடக்கிறான். சலங்கை கட்டிய காலோ இருந்த இடமே தெரியவில்லை.

இதற்குக் காரணம் யாது? கமரா மலிவானது என்று சிலர் சொல்வர். அது முழு உண்மையன்று. ஒளி குறைந்த இடத்தில் விரைந்து அசையும் பொருளைப் படம் பிடிப்பது புகைப்படக் கலையின் பழம்பெரும் சிக்கல்களுள் ஒன்று. அதன் இயல்பை அறிந்துகொண்டால், எளிய கமராவைக்கொண்டும் நல்ல படம் எடுக்கலாம்.

படம் உருவாவதற்குக் குறித்த அளவு ஒளி வேண்டும். அதைப் பெற மூன்று வழிகளே உண்டு. ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கலாம். வில்லையின் துவாரத்தைப் பெரிதாக்கலாம். அல்லது ஒளியுணர்வைக் கூட்டலாம். நண்பகல் வெயிலில் இம்மூன்றும் இணங்கிப் போகின்றன. இருளிலோ ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. ஒளிக்காக ஷட்டரைத் திறந்து வைத்தால் அசைவு கலைகிறது. அசைவை நிறுத்த ஷட்டரை விரைவாக மூடினால் படம் கறுத்துப்போகிறது.

ஓடும் காலைப் படத்தில் நிறுத்திய முதல் முயற்சிகள் சூரியனின் உதவியாலேயே வெற்றி பெற்றன. 1878ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள பாலோ ஆல்ற்றோவில், எட்வேர்ட் மைபிரிட்ஜ் என்பார் 12 கமராக்களை வரிசையாக நிறுத்தினார். ஓடுபாதைக்குக் குறுக்கே கட்டிய நூல்களைக் குதிரை அறுத்துக்கொண்டு ஓட, கமராக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கின. பாய்ந்தோடும் குதிரையின் நான்கு குளம்புகளும் ஒரு கணம் நிலத்தைத் தொடுவதில்லை என்பது அன்று கண்கூடாயிற்று. ஆனால், அது கொளுத்தும் வெயிலில் வெண்ணிறத் திரைக்கு முன்னால் நடந்த காரியம். அதே குதிரை ஒரு மண்டபத்தினுள் விளக்கொளியில் ஓடியிருக்குமாயின், அன்றைய தகடுகளில் எதுவும் பதிந்திராது.

அமெரிக்காவின் ரோடியோ விளையாட்டு இன்று கூரையிட்ட அரங்குகளிலும் நடைபெறுகின்றது. திமிறும் காளையின் முதுகில் வீரன் 8 செக்கன் அமர்ந்திருக்க வேண்டும். படம் எடுப்பவனுக்குக் கிடைக்கும் காலமும் அந்த 8 செக்கனே. நம் நாட்டில் காளைகளின் வேகத்தைக் காண விரும்புவோர் வன்னியிலும் மன்னாரிலும் நடைபெறும் மாட்டுவண்டிச் சவாரிக்குச் செல்லலாம். பிற்பகலில் தொடங்கும் போட்டி அந்திவரை நீள்வதுண்டு. நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள நம் நாட்டில் அந்தியொளி நெடுநேரம் நிற்பதில்லை. சூரியன் மறைந்தபின் அரை மணி நேரத்துக்குள் இருள் சூழ்ந்துவிடும். ஆகவே, ரோடியோக்காரனின் தொல்லை இறுதிச் சவாரியில் நமக்கும் உண்டு.

கணக்கொன்றைப் பார்ப்போம். செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் ஒரு சோடி எருதுகள் ஓடுகின்றன என்று கொள்வோம். ஷட்டர் 1/60 செக்கன் திறந்திருந்தால் அவ்வேளையில் அவை ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். 1/500 செக்கனாயின் 2 சென்ரிமீற்றர். 1/1000 செக்கனாயின் 1 சென்ரிமீற்றர். வெளிச்சமுள்ளவரை 1/1000 செக்கனைக் கையாளலாம். வெளிச்சம் போனபின் வேறு உபாயம் வேண்டும். வண்டி நம்மைக் கடந்து செல்கையில், அதன் வேகத்துக்கு ஒப்பக் கமராவையும் திருப்பிக்கொண்டே 1/60 செக்கனில் படம் எடுத்தால், வண்டியும் சாரதியும் ஓரளவு தெளிவாக நிற்பர். பின்னாலுள்ள மரங்களும் சனக்கூட்டமும் கோடுகளாய் ஓடும். வேகத்தை இப்படமே நன்கு உணர்த்தும். இதற்குக் கைப்பழக்கம் இன்றியமையாதது. வீதியிற் செல்லும் துவிச்சக்கர வண்டிகளைக்கொண்டு வீட்டு வாசலிலேயே பழகிக்கொள்ளலாம்.

கூத்துக்கு வருவோம். முதலாவதாக, ஒளியைச் சேர்க்கும் வழியைப் பார்க்கவேண்டும். துவாரத்தை எப் 5.6 என்ற அளவிலிருந்து எப் 2.8க்குத் திறந்தால் நான்கு மடங்கு ஒளி கிடைக்கும். ஒளியுணர்வை ஐ.எஸ்.ஓ. 400 இலிருந்து 3200க்கு உயர்த்தினால் பயன் எட்டு மடங்கு. இரண்டையும் சேர்த்தால் முப்பத்திரண்டு மடங்காகும். படத்திற் பொரிகள் தோன்றுமே என்று அஞ்சவேண்டியதில்லை. பொரி விழுந்த முகத்தை அடையாளம் காணலாம். கலைந்த முகத்தை எவராலும் சீர்செய்ய இயலாது.

இரண்டாவது, ஆட்டத்தை அறிந்திருத்தல். ஆடுபவர் 30 சென்ரிமீற்றர் உயரம் துள்ளுகிறார் என்போம். நிலத்தில் வந்து விழுங்கணத்தில் அவரது வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 2.4 மீற்றர், 1/100 செக்கனில் 2.4 சென்ரிமீற்றர் நகர்கிறார். ஆனால், துள்ளலின் உச்சியில் மேலேறுவதும் கீழிறங்குவதும் நின்றுபோகும் ஒரு கணம் உண்டு. அக்கணத்தை நடுவாகக் கொண்டு அதே 1/100 செக்கன் ஷட்டரைத் திறந்தால், உடல் மேல்கீழாக அசைவது ஒரு மில்லிமீற்றரின் எட்டிலொரு பங்கு மட்டுமே! விலையுயர்ந்த கமரா செய்யும் வேலையைத் தாளஞானம் செய்துவிடுகின்றது. அமெரிக்காவில் பார்பரா மோர்கன் அம்மையார் 1940இல் நடனமாது மார்த்தா கிரஹாமை எடுத்த புகழ்பெற்ற படமும், ஆட்டத்தை நன்கு அறிந்து உரிய கணத்தைத் தேர்ந்தெடுத்ததன் பயனே. ஆகவே, அரங்கேற்றத்தன்று மட்டும் போய் நிற்றல் போதாது. ஒத்திகைக்குச் செல்லுங்கள். அண்ணாவியார் எந்த இடத்தில் தாளத்தை முறுக்குகிறார், மத்தளம் ஓங்கும்போது எந்தக் கால் எழுகிறது என்பவற்றைக் கவனியுங்கள். காலைக் கண்டபின் விரலை அழுத்தினால் பிந்திவிடும். தாளத்தைக் கேட்டு அழுத்தவேண்டும்.

மூன்றாவது, விளக்குகளின் குணம். பந்தமும் பெற்றோமாக்சும் இருந்த மேடைகளில் இன்று மின்விளக்குகள் எரிகின்றன. நம் நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 முறை மாறி மாறி ஓடுவதால், குழல்விளக்குகள் பலவும் எல்.ஈ.டி. விளக்குகள் சிலவும் செக்கனுக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கண் இதை உணர்வதில்லை, கமரா உணரும். 1/1000 செக்கனில் எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாயும் மறுபடம் இருண்டும், சிலவேளை பட்டை பட்டையாயும் வரும். 1/100 செக்கனோ ஒரு முழுச் சுற்றை அடக்குவதால் ஒளி ஒரே சீராக அமையும். கைத்தொலைபேசி வைத்திருப்போர் அதன் இரவுப்பட வசதியை நிறுத்திவிடுதல் நலம். அது பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பது; அசையாத கோபுரத்துக்குப் பொருந்தும், ஆடும் அரசனுக்குப் பொருந்தாது.

பிளாஷ் வெளிச்சத்தைப் பற்றிக் கேட்பீர்கள். தூரம் நான்கு மடங்காகும்போது அவ்வொளி பதினாறில் ஒரு பங்காகக் குறைகின்றது. கடைசி வரிசையிலிருந்து பளிச்சிடுவதால் முன்னாலிருப்பவரின் தலைகளே பிரகாசமாய் விழும். ஆடுபவரின் கண் கூசும்; கூத்தின் இராச் சூழலும் கெடும். சவாரித் திடலிலோ அது ஆபத்து. மிரண்ட எருது பாதையை விட்டு விலகுமாயின் ஓரத்தில் நிற்கும் சிறுவருக்கு என்ன நேரும்? ஒரு படத்துக்காக அத்தகைய வில்லங்கத்தை எவரும் விலைக்கு வாங்கலாகாது.

இத்தனை பாடு எதற்காக என்று சிலர் வினவலாம். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் மன்னார் நாடகங்கள் சிலவற்றைப் பதிப்பித்து அழியாமற் காத்தார். அதனால் பாட்டு நமக்குக் கிடைத்தது. ஆனால், பாட்டை ஏட்டில் எழுதலாம். ஆட்டத்தை எழுதுவது எங்ஙனம்? கை வீச்சு, கால் வைப்பு, முடியின் அமைப்பு, உடுப்பின் மடிப்பு ஆகிய யாவும் ஆடுவோரின் உடலிலேதான் இருக்கின்றன. ஒரு முதிய அண்ணாவியார் மறையும்போது அவையும் உடன் மறைகின்றன. போர்க்கால இடப்பெயர்வுகளில் திருமணப் படத்தையும் தாய் தந்தையர் படத்தையும் இழந்த வீடுகள் வடபுலத்திற் பல. அவ்வீடுகளில் இருந்த கூத்துப் படங்களுக்கும் அதே கதிதான். எனவே, இன்று எடுக்கப்படும் நல்ல படம் ஒவ்வொன்றும் நாளைய மாணவனுக்கு ஒரு சான்றேடு.

அச்சான்றேடு பயன்பட வேண்டுமாயின் இன்னொரு கடமையும் உண்டு. கூத்தின் பெயர், நடந்த ஊர், நாள், ஆடியவர், அண்ணாவியார், மத்தளம் வாசித்தவர் ஆகிய விபரங்களை அன்றிரவே எழுதிவையுங்கள். பெயரில்லாத படம் முப்பது ஆண்டுகளின் பின் வெறும் அழகுப்பொருளே. ஒரு பிரதியை அச்சிட்டு ஆடியவருக்கே கொடுங்கள். வெவ்வேறு வீடுகளில் பிரதிகள் இருந்தால் ஒன்று தொலைந்தாலும் மற்றொன்று எஞ்சும். விடியும்வரை நின்று ஆடியவருக்கு நாம் செய்யக்கூடிய சிறு மரியாதையும் அதுவேயாகும்.