பிணையும் துணையும்

இளமரம் ஒன்று காற்றில் சாய்ந்தால் தோட்டக்காரன் அதனை வெட்டி எறிவதில்லை. அதனருகே ஒரு கோலை ஊன்றித் தண்டு நெரியாதவாறு தளர்வாகக் கட்டுகிறான். வேர் உறுதி பெற்றபின் கோலை நீக்கிவிடுகிறான். பிழை செய்த சிறுவர்க்கும் இத்தகைய ஊன்றுகோல் வேண்டும் என்பதை உலகம் உணர நெடுங்காலம் ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலை நாடுகள் பலவற்றில், பசியால் திருடிய சிறுவனும் திருட்டையே தொழிலாகக் கொண்ட முதியவனும் ஒரே சிறையில் அடைக்கப்பட்டனர். சிறு பிழையோடு உள்ளே சென்றவன், பெரும் பிழைகளைக் கற்று வெளியே வந்தான்.

இந்நிலையை மாற்ற முற்பட்டவர் அரசர் அல்லர், அமைச்சரும் அல்லர். அவர் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் காலணி தைத்து வாழ்ந்த ஜான் அகஸ்டஸ் என்பவர். 1841-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒருநாள் அவர் நீதிமன்றம் சென்றிருந்தார். குடித்த குற்றத்திற்காக ஒருவன் கந்தல் உடையோடு ஆங்கு நிறுத்தப்பட்டிருந்தான். இனிக் குடிப்பதில்லை என்று அவன் உறுதி கூறவே, அகஸ்டஸ் அவனுக்குப் பிணை நின்றார். மூன்று வாரங்கள் கழித்து அவன் தெளிந்த முகத்தோடு திரும்பி வந்தான். நடுவர் வியந்து, ஒரு சென்ட் தண்டமும் வழக்குச் செலவும் மட்டும் விதித்து அவனை விடுத்தார்.

அன்று தொடங்கிய தொண்டினை அகஸ்டஸ் பின்னர்ச் சிறுவர்க்கும் விரித்தார். 1847-ஆம் ஆண்டில் ஏழு முதல் பதினைந்து வயது வரையிலான சிறுவர் 19 பேர்க்குப் பிணை நின்றார். அவர்கள் வழக்குகள் திங்கள்தோறும் தள்ளிவைக்கப்பட்டன. அவர் ஒவ்வொரு திங்களும் நீதிமன்றம் சென்று, அவர்தம் ஒழுக்கத்தை எடுத்துரைத்தார். ஐந்தாறு திங்கள் கழிந்தபின் அவருள் பன்னிருவர் ஒருங்கே நடுவர்முன் வந்தபோது, முன்னைய தோற்றத்திற்கும் அன்றைய தோற்றத்திற்கும் இருந்த வேறுபாடு கண்டு நடுவர் மகிழ்ந்தார். தண்டம் ஆளுக்குப் பத்துச் சென்டே. அதனையும் செலுத்த இயலாத ஏழை எழுவர்க்கு அகஸ்டஸே செலுத்தினார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு எவர்க்கும் பிணை நின்றவர் அல்லர். ஒருவருடைய முன்னைய ஒழுக்கம், வயது, சூழல் ஆகியவற்றை ஆராய்ந்தே பொறுப்பேற்றார். பொறுப்பேற்றபின் பள்ளியிலோ தொழிலிலோ சேர்த்தார். ஆயினும் அவர்க்கு எதிர்ப்பு மிகுந்தது. குற்றவாளியைச் சிறைக்கு அனுப்புவதால் வரும் கட்டணத்தை இழந்த நீதிமன்ற ஊழியர் சிலர் அவரை வெறுத்தனர். தொண்டு பெருகப் பெருக அவரது தொழில் நலிந்தது. 1859-ஆம் ஆண்டில் அவர் மறைவதற்குள், அவர் பிணை நின்றோர் தொகை 1,900-ஐக் கடந்திருந்தது.

தனி மனிதர் இட்ட வித்து பின்னர்ச் சட்டமாய் முளைத்தது. 1878-ஆம் ஆண்டில் மாசசூசெட்சு மாநிலம், ஊதியம் பெறும் நன்னடத்தை அலுவலரைப் பாஸ்டன் நகர்க்கு அமர்த்த வழிசெய்தது. 1899-ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் சிறுவர்க்கெனத் தனி நீதிமன்றம் அமைந்தது. எனினும் அதனைத் தோற்றுவித்த சட்டம் நன்னடத்தை அலுவலர்க்கு அரசுப் பொருளிலிருந்து ஊதியம் வழங்கவில்லை. ஆகவே தொண்டர் துணையும் அறநிலையங்களின் பொருளுதவியும் இன்றியமையாதனவாயின. 1904-ஆம் ஆண்டில் நியூயார்க்குச் சிறுவர் நீதிமன்ற எழுத்தர் எர்னஸ்டு கூல்டர் என்பார், தம்முன் வரும் சிறுவர் நிலையை ஓர் அவையில் எடுத்துரைத்தார். அதனைக் கேட்டோருள் ஏறத்தாழ நாற்பதின்மர், ஆளுக்கொரு சிறுவனுக்குத் தோழராவதாக உறுதி பூண்டனர். 'மூத்த சகோதரர்' என்னும் இயக்கம் இவ்வாறு பிறந்தது.

இத்தகைய தொண்டர் செய்வது யாது? அவர் காவலர் அல்லர், ஆசிரியரும் அல்லர். குறித்த நாளில் குறித்த வேளையில் வருபவர், சிறுவன் சொல்வதைப் பொறுமையோடு கேட்பவர், உடன் விளையாடுபவர், படிப்புக்கும் வேலைக்கும் வழிகாட்டுபவர். "நம்மையும் பொருட்படுத்தி ஒருவர் வருகிறார்" என்னும் எண்ணமே சிறுவன் நெஞ்சில் மாற்றத்தைத் தோற்றுவிக்கிறது.

இதன் பயனை ஆய்வும் காட்டுகிறது. 1995-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, அமெரிக்க நகரங்கள் எட்டில் 10 முதல் 16 வயது வரையிலான 959 பேரைப் பற்றியது. இவர்கள் எல்லாரும் நீதிமன்றம் கண்டவர் அல்லர்; பெரும்பாலோர் பெற்றோருள் ஒருவரோடு மட்டும் வாழ்ந்தவர். துணைவரைப் பெறும் வாய்ப்பளிக்கப்பட்டவர், ஏனையோரை நோக்கப் போதைப்பொருளைத் தொடங்கியது 46 விழுக்காடு குறைவாக இருந்தது. பிறரை அடித்தது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆயின் 2002-ஆம் ஆண்டில் அத்தரவுகளை மீண்டும் ஆராய்ந்தோர் வேறோர் உண்மையையும் கண்டனர். ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த நட்பே மிகுந்த நலம் பயந்தது. மூன்று திங்களுக்குள் முறிந்த நட்போ, சிறுவரின் தன்மதிப்பைக் குறைத்தது. முன்னரே பலரால் கைவிடப்பட்டவனை மீண்டும் ஒருவர் கைவிடுவது ஆறிய புண்ணைக் கிளறுவது போன்றதன்றோ! ஆதலின் தொடங்குமுன் எண்ணுதலும், தொடங்கியபின் வழுவாமையும் இத்தொண்டின் உயிர்நிலையாகும்.

நம் நாட்டு மாகாணங்களுள் சிறுவர் சட்டத்தை முதலில் இயற்றியது சென்னை. 1920-ஆம் ஆண்டில் அச்சட்டம் பிறந்தது. வங்காளம் 1922-இலும் பம்பாய் 1924-இலும் அவ்வழி நடந்தன. இன்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் நாடு முழுவதற்கும் உரியது. அதன்படி, பதினெட்டு வயது நிரம்பாதோர் வழக்குகளை இளைஞர் நீதிக் குழுமம் ஆராய்கிறது. நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் அதில் அமர்வர். அவ்விருவருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். நன்னடத்தை வேண்டிச் சிறுவனைப் பெற்றோரிடமோ, பாதுகாவலரிடமோ, தகுதி வாய்ந்த பிறரிடமோ மூன்றாண்டுக்கு மேற்படாமல் ஒப்படைக்கக் குழுமத்திற்கு உரிமை உண்டு. கொடுங்குற்றம் செய்த பதினாறு வயது நிரம்பியோர்க்குத் தனி விதிகள் உள்ளன. சிறுவரின் பெயரையும் அடையாளத்தையும் செய்தித்தாளில் வெளியிடுவதும் தடுக்கப்பட்டுள்ளது.

சட்டம் பெயரை மறைக்கலாம். ஊர் வாயை மூட அதனால் இயலாது. கூர்நோக்கு இல்லத்திலிருந்து மீளும் சிறுவன் பெரும்பாலும் பழைய தெருவிற்கே திரும்புகிறான். சில வேளைகளில் பழைய வகுப்பிற்கே வந்து, பழைய இருக்கையில் அமர்கிறான். அருகிருப்போர் விலகி அமர்ந்தால், அவன் தன்னை விலக்காத தீய கூட்டத்தை நாடிச் செல்வான். அவர்கள் இடம் விட்டு அமர்த்தி, விட்ட பாடத்தை உடனிருந்து கற்பித்தால் அவன் பள்ளியிலேயே நிலைப்பான். பிணை நிற்பது பெரியோர் கடமை. துணை நிற்பது மாணவர்க்கும் இயலும். காலணி தைத்த கை ஒன்று தொடங்கிய தொண்டினைப் புத்தகம் ஏந்தும் கைகளும் தொடர்தல் வேண்டும்.