மகளிர் ஓட்டமும் ஒரு மங்கையின் பதக்கமும்

அல்லைப்பிட்டியிலே ஒரு பாடசாலையில் விளையாட்டுப் போட்டி நடைபெறுகின்றதென வைத்துக்கொள்வோம். ஆண்பிள்ளைகளுக்கு ஓர் ஓட்டம். பெண்பிள்ளைகளுக்கு வேறோர் ஓட்டம். ஏனிந்தப் பிரிவு? பருவமெய்துங் காலத்தில் ஆணுடலிற் பெருகும் டெஸ்ரோஸ்ரெரோன் என்னும் சுரப்பு தசையையும் எலும்பையும் செங்குருதிக் கலங்களையும் மிகுவிக்கின்றது. உலகத் தரத்து ஓட்டங்களில் இருபாலார் வேகத்திடையே நூற்றுக்கு 10 முதல் 12 வரையான வேறுபாடு உண்டு. பிரிவு இல்லையேல், பெண்களுக்குப் பதக்கமும் இல்லை.

ஆனால் இயற்கை எங்கும் நேர்கோடு கிழிப்பதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூரொன்றிலே, செங்கற்சூளைத் தொழிலாளரின் மகளாகப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006 டிசெம்பரில் தோகா ஆசிய விளையாட்டு விழாவின் 800 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். ஓடி முடிந்த பின்னரே அவருக்குப் பாற்சோதனை நடத்தினர். அதிலே தேறவில்லையென்று பதக்கத்தைப் பறித்தனர். மருத்துவர் அறையோடு நிற்கவேண்டிய அச்செய்தி பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் பரவிற்று. அவரது ஓட்டம் அன்றோடு முடிந்தது. சில ஆண்டுகள் கழித்து, மறுபடியும் சூளையிலே கூலிவேலை!

சாந்தி பால் மாறியவர் அல்லர். பெண்ணாகவே பிறந்து வளர்க்கப்பட்டவர். ஆணுக்குரிய நிறமூர்த்தம் இருந்தும், அந்தச் சுரப்புக்கு உடல் இணங்காத பெண்களும் உலகில் உளர். ஒடிசாவைச் சேர்ந்த டூட்டி சந்த் மீது 2014இல் வேறொரு தடை விழுந்தது: இயற்கையாகவே அவருக்குச் சுரப்பு மிகுதியாம். அவர் விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தை நாடினார். மிகையான சுரப்பினால் எவ்வளவு நன்மை கிட்டுமென்பதற்குப் போதிய சான்று இல்லையென்று, 2015இல் அம்மன்று அவ்விதியை நிறுத்திவைத்தது. 2018 ஆசிய விளையாட்டு விழாவில் அவர் இரு வெள்ளிப் பதக்கங்கள் பெற்றார்.

திருநங்கையர் வழக்கு வேறு. ஆண்பருவம் எய்தியபின் சுரப்பைக் குறைத்தாலும், உயரமும் எலும்பமைப்பும் மாறுவதில்லை. தசைவலியும் மெல்லவே தேயும். எனவே அத்தகையோர் சர்வதேச மகளிர் போட்டிகளில் ஓடலாகாதென்று உலக மெய்வல்லுநர் சங்கம் 2023இல் விதித்தது. திருநங்கை வீராங்கனையரையே நேரில் ஆராய்ந்த ஆய்வுகள் மிகச் சிலவென்பதையும் மறத்தலாகாது. உலகப் பதக்கத்துக்கு வேண்டிய கண்டிப்பை ஊர்ப்பாடசாலை மைதானத்துக்கும் கொண்டுவருதல் தகாது என்பதே என் எண்ணம்.

2025 செப்ரெம்பர் முதல், உலகத் தரவரிசைக்குரிய மகளிர் போட்டிகளில் ஓடுவோர் ஒரு முறை பரம்பரையலகுச் சோதனைக்கு உட்படல் வேண்டும். டெஸ்ரோஸ்ரெரோனுக்கு உடல் முற்றாக இணங்காத பெண்களுக்கு அதிலே விலக்குண்டு. சோதனை ஓட்டத்துக்கு முன்னரே நடைபெறுகின்றது; இதுவே பெரிய மாற்றம். முடிவை மறைவாகக் காப்பார்களா என்பதையே இனிக் கவனித்தல் வேண்டும். சாந்தியைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டரசு 2016இல் அவரை நிரந்தரப் பயிற்சியாளராக நியமித்தது.