மீஸான் கல் படிக்கல்லாகும் முன்

  

வணிகத்துக்காக இந்நாட்டுக்கு வந்து இம்மண்ணிலேயே அடக்கமான அறபு முஸ்லிம்களின் பழைய சான்றுகளுள் முக்கியமானது, கொழும்பில் ஒரு மையவாடியில் இருந்த மீஸான் கல்லாகும். காலித் இப்னு அபூ பகாயா என்பவரின் பெயரும் ஹிஜ்ரி 337 என்ற ஆண்டும் அதில் கூஃபி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அது கி.பி. 948ஐ ஒட்டிய காலம். பக்தாத் கலீபாவே அவரை அனுப்பிவைத்தார் என்றொரு செவிவழிச் செய்தியும் உண்டு.

1787ஆம் ஆண்டளவில் ஒல்லாந்த அதிகாரியொருவர் அக்கல்லைப் பெயர்த்தெடுத்துக் கட்டடமொன்றின் படிக்கட்டுக்குப் பயன்படுத்தினார் எனக் கூறப்படுகின்றது. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு முஃமினின் தலைமாட்டை அடையாளப்படுத்திய கல், படிக்கல்லாக மிதிபட்டது! இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்ஸாண்டர் ஜோன்ஸ்டன் பின்னர் அதில் அக்கறை கொண்டார். கேம்பிரிட்ஜ் அறபுப் பேராசிரியர் சாமுவேல் லீ அதனை வாசித்து மொழிபெயர்த்தார். 1827இல் ராயல் ஆசியச் சங்க வெளியீட்டில் அது அச்சேறியது. நமது முன்னோரின் கல்லை வாசித்துச் சொல்ல அந்நியர் ஒருவர் வேண்டியிருந்தது. அந்த மையவாடியில் அடங்கிய ஏனையோர் யார் யார்?

லுணுகலை, பசறை, பதுளைப் பகுதி வாசகர்களே! கோப்பி, தேயிலைத் தோட்டங்கள் பெருகிய காலத்தில் இக்கடைத்தெருக்களுக்கு வியாபாரிகளாய் வந்தோரின் கப்றுகளும் உங்கள் மையவாடிகளில் உள்ளன. இங்கே கல்லைப் பெயர்க்க எவரும் வரவேண்டியதில்லை. மலைச்சரிவின் மழையே மண்ணை இழுத்துவந்து மீஸான்களை மூடிவிடும். பற்றைக்காடு மண்டினால் எல்லையும் மறைந்துபோகும். மையவாடியின் அருமையை 2020இல் நாம் உணர்ந்தோம். கொரோனா ஜனாஸாக்கள் பலாத்காரமாக எரிக்கப்பட்டன. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் மண் கிடைக்கும்வரை எத்தனை குடும்பங்கள் கண்ணீர் வடித்தன!

"கப்றைக் கட்டி உயர்த்துவதை மார்க்கம் தடுத்திருக்க, பழைய கப்றுகளை ஏன் பேணவேண்டும்?" என வாலிபர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. ஆனால் உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரழி) அவர்களின் கப்றுக்கு நபி (ஸல்) அவர்கள் தமது கரத்தாலேயே கல்லொன்றை அடையாளமாக வைத்தார்கள். கப்றின்மீது உட்காருவதையும் தடுத்தார்கள். ஷாபிஈ மத்ஹபில் கப்றின்மேல் எழுதுவது மக்ரூஹ். எனினும் அடையாளத்துக்குத் தேவையான அளவு பெயரெழுதலாம் எனப் பிற்கால அறிஞர் சிலர் கூறியுள்ளனர். உடல் முற்றாக மண்ணாகுமுன் கப்றைத் தோண்டுவதோ ஹராமாகும். இடநெருக்கடியுள்ள ஊர்களில், எக்கப்று எப்போதையது என்ற பதிவின்றி இச்சட்டத்தை எவ்வாறு பேணுவது? ஆகவே மீஸானைப் பாதுகாப்பது கப்று வணக்கமாகாது என்பதே எனது கருத்து.

செய்யவேண்டியவை கடினமானவையல்ல. மையவாடிக் காணியின் உறுதியும் நில அளவைப் படமும் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் இருக்கின்றனவா எனப் பாருங்கள். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழான பதிவையும் விசாரியுங்கள். 1815 மார்ச் 2க்கு முற்பட்ட கற்களைத் தொல்பொருட் சட்டம் காக்கின்றது. அவற்றை நாமாக இடம் மாற்றலாகாது.

எழுத்துள்ள கல்லுக்குச் சுண்ணாம்போ பெயின்றோ பூசாதீர்கள். கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது படமெடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழலால் துலங்கும். மீஸானே இல்லாத கப்றுகளின் விபரம் முதியோரின் நினைவில் மட்டுமே இருக்கும். உங்கள் அப்பாமாரை மையவாடிக்கு அழைத்துச் சென்று, எது எவருடையது எனக் கேட்டு, அதே பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.