பணம் இருக்கிறது, படகு எப்போது வரும்?

பீன்யாவில் மாலை நேரத்தில் வானம் கறுத்தால் முதலில் கலங்குகிறவர்கள் தரைமட்டத்தில் குடியிருப்பவர்கள்தான். லேத்துப் பட்டறையிலோ கார்மெண்ட்ஸ் கம்பெனியிலோ இரவு ஷிப்டில் நிற்பவருக்குக் கை மெஷினில் இருந்தாலும் மனம் வீட்டில் இருக்கும். லக்கெரே, ராஜகோபால் நகர், ஹெக்கனஹள்ளி, தாசரஹள்ளி என்று சுற்றுப்புறத்தில் உள்ள லைன் வீடுகளில் பெரும்பாலும் ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. அரிசி, துணிமணி, பிள்ளைகளின் புத்தகம், ரேஷன் கார்டு, ஆதார் அட்டை எல்லாம் அந்த ஓர் அறைக்குள்தான். வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் வந்துவிட்டால் எதை எடுப்பது, எதை விடுவது?

"அண்ணே, தண்ணி உள்ளே வருது. யாருக்குப் போன் பண்றது?"

"கார்ப்பரேஷனுக்குப் பண்ணு தம்பி" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். "இல்லை, சாக்கடைத் தண்ணி வாட்டர் போர்டு பொறுப்பு" என்பார் எதிர்வீட்டுக்காரர். "முதல்லே கரண்டை நிறுத்தச் சொல்லுங்கள்" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்கும். மூன்று பேர் சொல்வதும் உண்மைதான். ஆனால் மூன்று ஆபீசுக்கும் போன் செய்து முடிப்பதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிடும். வெள்ள மீட்புக்கு அரசாங்கம் ஒதுக்கும் கோடிகளைப் பற்றிப் பேசும்போது, இந்த லைன் வீட்டு வாசலில் நின்றுகொண்டுதான் பேச வேண்டும்.

கடல் இல்லாத ஊரில் படகு

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெரிய ஆறு எதுவும் ஊரின் நடுவே ஓடவில்லை. "மேட்டு நிலத்தில் வெள்ளமா?" என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் சிரிப்பதுண்டு. 2022 செப்டம்பரில் அந்தச் சிரிப்பு நின்றது. செப்டம்பர் 4 இரவிலிருந்து மறுநாள் காலை வரை கொட்டிய மழையில் 24 மணி நேரக் கணக்கு 131.6 மில்லிமீட்டர். பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலைப் பக்கம் தெருவில் ரப்பர் படகு போயிற்று. கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்கள். அதே சமயம் மண்டியா மாவட்டம் டி.கே. ஹள்ளியில் உள்ள காவிரி நீரேற்று நிலையத்திலும் வெள்ளம் புகுந்தது. ஊரெல்லாம் தண்ணீர் நிற்க, பல பகுதிகளில் குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லை!

காரணம் மழை மட்டும் அல்ல. ஏரிகளை ஒன்றோடொன்று இணைத்த ராஜகால்வாய்கள் குறுகிவிட்டன. சில இடங்களில் மறைந்தேவிட்டன. விருஷபாவதி, கோரமங்களா ஆகிய இரு பள்ளத்தாக்குகளிலும் இருந்த பழைய வடிகால்களின் நீளம் ஏறக்குறைய பாதியாகிவிட்டதென்று மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கை 2021-ல் சுட்டிக்காட்டியது. பீன்யாவின் வடிகால்களில் ஒரு பகுதி இந்த விருஷபாவதியைத்தான் போய்ச் சேருகிறது. விருஷபாவதி அர்க்காவதியில் கலந்து, அர்க்காவதி காவிரியில் கலக்கிறது. பீன்யா தெருவில் வழியும் மழைநீர் கடைசியில் நம் ஊர்ப் பக்கம் போகும் நீர்தான்.

உயிர் போன இடங்களைப் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். 2022 மே மாதம் உள்ளால் உபநகரில் காவிரிக் குடிநீர்க் குழாய் பதிக்கும் பள்ளத்தில் மழைநீர் புகுந்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒருவர் பீகார், மற்றவர் உத்தரப் பிரதேசம். 2024 அக்டோபர் 22-ல் மழைக்கு நடுவே பாபுசாபாளையாவில் கட்டிக்கொண்டிருந்த கட்டிடம் சரிந்து, வெளிமாநிலக் கூலித் தொழிலாளர்கள் உட்பட 9 பேர் மாண்டார்கள். வெள்ளம் ஜாதி, மொழி பார்ப்பதில்லை என்பார்கள். ஆனால் பள்ளத்தில் இறங்கி வேலை செய்பவரையும் தாழ்வான இடத்தில் வாடகைக்கு இருப்பவரையும் அது முதலில் பிடித்துக்கொள்கிறது.

யார் யார் பொறுப்பு?

ராஜகால்வாயைத் தூர் வாருவது மாநகராட்சியின் வேலை. குடிநீரும் சாக்கடைக் குழாயும் குடிநீர் வடிகால் வாரியத்தைச் சேர்ந்தவை. மின்சாரத்தை நிறுத்த வேண்டியது பெஸ்காம். வீட்டுக்குள் அகப்பட்டவரை வெளியே கொண்டுவருவது தீயணைப்பு மற்றும் அவசரச் சேவை இலாகா. பாதையை அடைத்து வாகனங்களைத் திருப்புவது போலீஸ். எங்கே எவ்வளவு மழை என்று கணக்குச் சொல்வது எலகங்காவில் உள்ள கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம். நஷ்டத்தைக் கணக்கெடுத்து நிவாரணம் கொடுப்பதில் வருவாய்த் துறைக்கு முக்கியப் பங்கு.

இத்தனை இலாகாக்களும் ஒரே குரலில் பேச வேண்டும் என்பதற்காகத்தான் 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினமும் கடலூரும் பட்ட பாட்டுக்குப் பிறகு பிறந்த சட்டம் இது. தேசிய ஆணையத்துக்குப் பிரதமர் தலைவர். மாநில ஆணையத்துக்கு முதலமைச்சர். மாவட்ட ஆணையத்துக்கு மாவட்ட ஆட்சித் தலைவர். தேசியப் பேரிடர் மீட்புப் படையில் இப்போது 16 பட்டாலியன்கள் உள்ளன. அவற்றில் ஒன்று அரக்கோணத்தில் இருப்பது தமிழர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் தேசியப் படை வந்து சேருவதற்குள் முதல் சில மணி நேரம் ஓடிவிடும். அந்த மணி நேரத்தைக் காப்பாற்ற வேண்டியது உள்ளூர்ப் படைதான்.

பீன்யாவுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. இது வெறும் குடியிருப்பு அல்ல. சிறு தொழிற்சாலைகள் நெருங்கிக் கிடக்கும் தொழிற்பேட்டை. எலக்ட்ரோபிளேட்டிங் ஷெட்டுகளில் ஆசிட் தொட்டிகளும் ரசாயனங்களும் உண்டு. அங்கே வெள்ளம் புகுந்தால் தெருவில் ஓடுவது வெறும் தண்ணீர் அல்ல. எந்த ஷெட்டில் எந்த ரசாயனம் இருக்கிறது என்ற பட்டியல் தீயணைப்பு வீரரின் கையில் இல்லாவிட்டால், காப்பாற்ற வந்தவருக்கே ஆபத்து. தொழிற்சாலை நிர்வாகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தீயணைப்பு இலாகா ஆகிய மூன்றும் மழைக்கு முன்பே உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

2025-ல் இரண்டு மாற்றங்கள் வந்தன. பேரிடர் சட்டத்தைத் திருத்தி, மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள பெரிய நகரங்களுக்கும் தனி நகரப் பேரிடர் ஆணையம் அமைக்க வழி செய்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பெங்களூரின் பழைய மாநகராட்சி போய், கிரேட்டர் பெங்களூர் ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் பிறந்தன. நிர்வாகம் அருகில் வருவது நல்லதே. ஆனால் மழைநீருக்கு எல்லைக்கோடு தெரியாது. ஒரு மாநகராட்சியில் அடைத்த கால்வாய் இன்னொரு மாநகராட்சியில் வெள்ளமாக நிற்கும். ஐந்து ஆபீஸ்களையும் இணைக்கும் ஒரே கட்டுப்பாட்டு அறை சரியாக இயங்கினால்தான் இந்த மாற்றத்தின் பலன் லைன் வீட்டு வாசலுக்கு வரும்.

ரூபாய்க்கு எத்தனை காசு?

பணத்தின் கணக்கைப் பார்ப்போம். 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு, எல்லா மாநிலங்களின் பேரிடர் நிதிக்கும் சேர்த்து 1,60,153 கோடி ரூபாய் என்று 15-வது நிதிக் குழு பரிந்துரைத்தது. கர்நாடகம், தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் இதில் நான்கில் மூன்று பங்கு மத்திய அரசும், ஒரு பங்கு மாநில அரசும் போட வேண்டும்.

அந்தப் பணத்தை ஒரு ரூபாயாக வைத்துக்கொண்டால் பங்கீடு இப்படி: உடனடி மீட்புக்கும் நிவாரணத்துக்கும் 40 காசு. இடிந்ததைச் சீர்செய்ய 30 காசு. வெள்ளமே வராமல் தடுக்கும் பணிகளுக்கு 20 காசு. பயிற்சி, கருவி முதலிய முன்னேற்பாட்டுக்கு 10 காசு. படகு வாங்குவதும், ஆளுக்கு நீச்சலும் கயிறு கட்டலும் கற்றுக்கொடுப்பதும் கடைசிப் பத்துக் காசில் அடங்க வேண்டும். தீயணைப்புச் சேவைகளை விரிவாக்க 5,000 கோடி ரூபாயை அந்த நிதிக் குழு தனியாகச் சொன்னது. நகர வெள்ளத்தைக் குறைக்கச் சென்னை, மும்பை, கல்கத்தாவுக்குத் தலா 500 கோடியும், பெங்களூர், ஹைதராபாத், ஆமதாபாத், புனாவுக்குத் தலா 250 கோடியும் என்றது.

2022 வெள்ளத்தின்போது அன்றைய முதலமைச்சர் பசவராஜ் பொம்மை, பெங்களூருக்கு 300 கோடி ரூபாய் என்றும், நகரத்துக்கென்றே மாநில மீட்புப் படையின் ஒரு கம்பெனி அமைத்து, அதன் கருவிகளுக்கு 9.5 கோடி ரூபாய் என்றும் அறிவித்தார். இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் பழக்கம் புரியும். வெள்ளம் வந்த பிறகு தாராளம்; வருவதற்கு முன்னால் சிக்கனம்.

மாநில நிதி போதாவிட்டால் மத்திய அரசைக் கேட்க வேண்டும். மாநிலம் மனு எழுத வேண்டும். மத்தியக் குழு வந்து பார்க்க வேண்டும். டில்லியில் உயர்மட்டக் குழு முடிவு செய்ய வேண்டும். 2023 வறட்சி நிவாரணத்துக்காகக் கர்நாடகம் 2024 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டுக்கே போக நேர்ந்தது. அதற்குப் பிறகு, ஏப்ரலில், 3,454 கோடி ரூபாய்க்கு அனுமதி வந்தது. வறட்சி மாதக்கணக்கில் நீடிக்கும். வழக்குப் போட அவகாசம் உண்டு. நள்ளிரவில் புகுந்த வெள்ளத்துக்கு அந்த அவகாசம் கிடையாது.

மீனவர் காட்டிய வழி

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது ராணுவமும் கடற்படையும் தேசியப் படையும் வந்தன. அவர்களோடு கடலோர மீனவர்களும் தங்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்து ஜனங்களை ஏற்றிச் சென்றார்கள். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் மீனவர்கள் லாரிகளில் படகை ஏற்றிக்கொண்டு உள்மாவட்டங்களுக்குப் போனார்கள். படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் கொடுப்பதாக அந்த அரசு அறிவித்தது. "உயிரைக் காப்பாற்றியதற்குக் கூலி வேண்டாம்" என்று மறுத்தவரும் உண்டு. அவர்கள் பெருந்தன்மை வேறு. அரசின் கடமை வேறு. உதவிக்கு வந்தவரின் படகு உடைந்தால் பழுது பார்த்துக் கொடுக்க ஓர் ஏற்பாடு இருந்தால்தான் அடுத்த முறையும் தயங்காமல் வருவார்கள்.

பெங்களூரில் மீனவர் குப்பங்கள் இல்லை. ஆனால் பீன்யாவில் வெல்டர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், கிரேன் ஓட்டுபவர், லாரி டிரைவர் எனக் கைத்தொழில் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பம்ப்செட்டும் ஜெனரேட்டரும் ஃபேக்டரிகளில் இருக்கின்றன. மழைக்காலத்துக்கு முன் தீயணைப்பு நிலையத்தின் மேற்பார்வையில் தெருவுக்குப் பத்துப் பேருக்குப் பயிற்சி கொடுத்து, பெயரைப் பதிந்து வைத்தால், அந்தப் பத்துக் காசுக்கு இதைவிட நல்ல செலவு எது?

வெளியூர்க்காரருக்கு நிவாரணம் உண்டா?

பேரிடரில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்பது மத்திய விதி. துணிமணி இழந்த குடும்பத்துக்கு 2,500 ரூபாய், பாத்திரபண்டம் இழந்ததற்கு 2,500 ரூபாய். ஆனால் வீடு முழுவதும் இடிந்திருக்க வேண்டும் அல்லது இரண்டு நாளுக்கு மேல் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். நகர வெள்ளமோ பல சமயம் இரவில் வந்து மறுநாள் வடிந்துவிடுகிறது. அரிசி ஊறிப்போக இரண்டு மணி நேரம் போதும்; விதி இரண்டு நாள் கேட்கிறது! அதனால் மாநில அரசு மேற்கொண்டு கொடுக்க வேண்டியிருக்கிறது. 2020 அக்டோபரில் ஹொசகெரேஹள்ளிப் பக்கம் வெள்ளம் புகுந்தபோது அன்றைய முதலமைச்சர் எடியூரப்பா வீட்டுக்கு 25,000 ரூபாய் அறிவித்தார்.

இந்த நிவாரணம் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு. சொந்த ஊர் எது என்பதற்கல்ல. ஆனாலும் கணக்கெடுக்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி, "இங்கேதான் குடியிருக்கிறீர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்பதே. ரேஷன் கார்டு தர்மபுரியிலும் ஓட்டு திருவண்ணாமலையிலும் இருந்தால் பதில் சொல்வது கஷ்டம். அதனால் வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், கம்பெனி அடையாள அட்டை ஆகியவற்றின் நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். தண்ணீர் நிற்கும்போதே நாளும் நேரமும் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் புகுந்தால் எந்த ஆபீஸ் என்று யோசிக்காமல் முதலில் 112-ஐக் கூப்பிடுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. கை நனையாமல் மெயின் சுவிட்சை எட்ட முடிந்தால் அணைத்துவிடுங்கள். தண்ணீரில் நின்றபடி மோட்டார் வைத்து இறைக்காதீர்கள். 2025 மே மாதம் பி.டி.எம். லேஅவுட்டில் ஓர் அடுக்குமாடியின் அடித்தளத் தண்ணீரை இறைக்கும்போது மின்சாரம் தாக்கி இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவன் 12 வயதுச் சிறுவன்.

கஜானாவில் கோடிகள் இருப்பது ஒரு தைரியம்தான். ஆனால் லைன் வீட்டில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும் தாய்க்கு அந்தக் கோடி தெரியாது. தெருமுனையில் டார்ச் வெளிச்சம் தெரிகிறதா, கயிறோடு ஓர் ஆள் வருகிறாரா என்பதுதான் அவள் பார்ப்பது. அந்த வெளிச்சம் எத்தனை நிமிஷத்தில் வருகிறது என்பதை வைத்துத்தான் ஒதுக்கிய பணத்துக்குக் கணக்குக் கேட்க வேண்டும்.