மடுவத்து வரிசையை யார் அளப்பது?

ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர் 1867ல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அமெரிக்கப் பொறியியலாளர் பிரடெரிக் டெய்லர் 1911ல் விஞ்ஞான முகாமைத்துவம் பற்றிய தன் நூலை வெளியிட்டார். உருக்காலையில் நாளொன்றுக்குப் பன்னிரண்டரை தொன் இரும்பு சுமக்கிற தொழிலாளியை, முறைப்படி வேலை வாங்கினால் 47 தொன் சுமக்க வைக்கலாம் என்று கணக்குக் காட்டியவர் அவர். இரண்டு டெய்லர்களுக்கும் எந்த உறவும் இல்லை. ஆனாலும் டிக்கோயாவிலோ நோர்வூட்டிலோ மலையேறுகிற ஒரு கொழுந்துக்காரியின் பகல் பொழுது இந்த இருவருக்கும் நடுவில்தான் கழிகிறது.

அமெரிக்க டெய்லர் வந்துதான் தோட்டத்துக்கு அளக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றிருக்கவில்லை. காலையில் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு, நிரை பிரித்துக் கொடுப்பது, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிறுவை, சம்பளப் பதிவேடான செக்ரோலில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர் என்று எல்லாம் இங்கே பழைய சங்கதி. பல தோட்டங்களில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர். 2021ல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனபோது அதை 20 ஆக்கிய இடங்களும் உண்டு. அந்த 18 எப்படி 18 ஆனது என்று கேட்டால் கங்காணி கணக்கப்பிள்ளையைக் காட்டுவார், கணக்கப்பிள்ளை துரையைக் காட்டுவார்.

இந்தக் கேள்விக்கென்றே உலகப் பல்கலைக்கழகங்களில் ஒரு துறை இருக்கிறது. முகாமைத்துவ விஞ்ஞானமும் பொறியியலும் என்று அதற்குப் பெயர். இரண்டாம் உலகப் போரில் இராணுவத் தேவைக்காக பிரிட்டிஷ் பௌதிகவியலாளர் பிளாக்கெட் போன்றவர்கள் வளர்த்த செயற்பாட்டு ஆய்வு, போர் முடிந்ததும் தொழிற்சாலைக்கும் வைத்தியசாலைக்கும் விமான நிலையத்துக்கும் வந்தது. ஆள், பொருள், நேரம் மூன்றையும் கணிதத்தால் ஒழுங்குபடுத்துவதே அதன் வேலை. அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் இப்பெயரிலேயே ஒரு துறை உண்டு. நம் நாட்டில் இந்தப் படிப்பு களனியில் கைத்தொழில் முகாமைத்துவம் என்றும், மொறட்டுவையில் போக்குவரத்து, வழங்கல் முகாமைத்துவம் என்றும், பேராதனையில் உற்பத்தி, கைத்தொழிற் பொறியியல் என்றும் பிரிந்து கிடக்கிறது.

ஹட்டனில் உட்கார்ந்து பார்த்தால் இந்தத் துறைக்கு இதைவிட நல்ல ஆய்வுகூடம் கிடையாது. பறித்த கொழுந்தைக் குவித்து வைத்தால் சூடேறிப் பழுதாகும். லொறி எந்த மலைக்கு முதலில் போக வேண்டும், எத்தனை மணிக்குள் இஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, திரும்ப வேண்டும்? செயற்பாட்டு ஆய்வாளர்களான டான்சிக்கும் ராம்சரும் 1959ல் பெற்றோல் பவுசர்களுக்கு எழுதிய பாதைக் கணக்கும் இதுவும் ஒரே கணக்குத்தான். வாடப் போடும் தொட்டி எத்தனை, மழை நாளில் காற்று எவ்வளவு, நாளைக்கு எந்த மலையில் கொழுந்து முற்றும், 1883 முதல் கொழும்பில் நடக்கிற ஏலத்தில் எந்தத் தரத்தை எந்த வாரம் விடுவது என்று ஒவ்வொன்றும் ஓர் ஆய்வுக் கட்டுரைக்குத் தாங்கும்.

எனக்குப் பிடித்தது மடுவத்து வரிசைதான். செயற்பாட்டு ஆய்வாளர் ஜோன் லிட்டில் 1961ல் நிரூபித்த விதி ஒன்று உண்டு: வரிசையில் சராசரியாக நிற்பவர்களின் எண்ணிக்கையை, நிமிடத்துக்கு எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்பதால் வகுத்தால் ஒருவர் சராசரியாகக் காத்திருக்கும் நேரம் வரும். நாற்பது பேர் நிற்கிறார்கள், நிமிடத்துக்கு இரண்டு பேருக்கு நிறுத்து முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை என்றால் ஒரு மணித்தியாலம். முதுகில் பாரத்தோடு நிற்கிற அந்த மணித்தியாலத்துக்கு செக்ரோலில் கட்டம் இல்லை. 'உற்பத்தித்திறன் குறைவு' என்ற தீர்ப்பு வரும்போது மட்டும் அது கொழுந்துக்காரியின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. மலையின் சரிவு, செடியின் வயது, இடையில் மண்டிய புல், அட்டை, மடுவத்துக்கு நடக்கிற தூரம் ஆகியவற்றையும் இப்படியே சேர்த்துக்கொள்ளலாம்.

ரயிலில் கொட்டகலையைக் கடந்தால் தலவாக்கலை. அங்கே 1925ல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மண், செடி, நோய், தேயிலை செய்முறை எல்லாவற்றிலும் அதன் உழைப்பு பெரியது. ஆனால் வேலையைப் பற்றிய ஆய்வுக்கு அந்த வேலையைத் தெரிந்த ஆள் வேண்டும். வெளியிலிருந்து வருகிற ஆய்வாளர் நிறுத்தற் கடிகாரத்தோடு நிரையோரம் நின்றால் அன்றைக்கு எல்லாருடைய கையும் வேறு மாதிரித்தான் ஓடும். லயத்தில் பிறந்த பிள்ளை எதை அளக்க வேண்டும் என்பதை அம்மாவின் முழங்கால் வலியிலிருந்தே அறிந்திருக்கும்.

அந்தப் பிள்ளை இதை ஆராய்கிற விரிவுரையாளராவது எப்படி? உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுக்க வேண்டும். இணைந்த கணிதமும் பௌதிகமும் தமிழில் ஒழுங்காக நடக்கிற பாடசாலைகள் நுவரெலியா மாவட்டத்தில் சொற்பம்; ஆசிரியர் கிடைத்தாலும் அடுத்த இடமாற்றம் வரைக்கும்தான். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தக் கடைசிப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் மாவட்டம் என்பது நகரமும் தோட்டமும் சேர்ந்தது. ஒரே இசற் புள்ளி வரிசையில் இரண்டும் நிற்கின்றன.

உள்ளே போனால் நான்கு வருடம் ஆங்கிலத்தில் பொறியியல். முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு எடுத்தால்தான் தகுதிகாண் விரிவுரையாளராக விண்ணப்பிக்கலாம். அதுவும் வெற்றிடம் வரும்வரை தற்காலிகப் போதனாசிரியர் வேலை. பிறகு பட்டமேற்படிப்பு, பெரும்பாலும் வெளிநாடு, திரும்பி வந்து வேலை செய்வதாகப் பிணைமுறி. 2012ல் விரிவுரையாளர்கள் கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் கேட்டு மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு பலர் நாட்டை விட்டே போய்விட்டார்கள்.

வீட்டின் முதல் பட்டதாரிக்கு இது நீண்ட பாதை. தம்பி, தங்கச்சி படிக்க வேண்டும், அடகுக் கடையில் தோடு இருக்கிறது. பத்தனையில் 1990களில் ஜெர்மனி உதவியோடு எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி பக்கத்தில் நிற்கிறது. மூன்று வருடத்தில் ஆசிரியர் நியமனம். கெட்டிக்காரப் பிள்ளைகள் அங்கே போவதை யாரும் குறை சொல்ல முடியாது. மலையகத்தில் நடுத்தர வர்க்கம் என்று ஒன்று உருவானதே ஆசிரியத் தொழிலால்தான். மலையகத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம் என்ற கோரிக்கை தேர்தலுக்குத் தேர்தல் மேடையேறுகிறது. அது வரும்போது வரட்டும். அதற்கு முன்னால், இருக்கிற பாடசாலைகளில் இரண்டு மூன்றிலாவது கணிதப் பிரிவு இடையறாமல் நடக்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஜி. சீனிவாசனின் செயற்பாட்டு ஆய்வு விரிவுரைகள் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. ஆங்கிலம்தான், ஆனால் கணக்குத் தெரிந்த பிள்ளைக்கு விளங்கக்கூடிய ஆங்கிலம். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்திலேயே பட்டம் தருகிறது.

இப்படி ஓர் ஆய்வாளர் வேண்டும் என்ற அவசரம் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. நாட்சம்பளத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் இத்தனை செடி என்று பிரித்துக் கொடுத்து, கொழுந்துக்கு வருமானப் பங்கு தரும் முறையைக் கம்பனிகள் சில வருடங்களாக முன்வைக்கின்றன. நல்லதாகவும் முடியலாம், பழைய கொந்தரப்பு (ஒப்பந்த வேலை) புதுச் சட்டை போட்டதாகவும் முடியலாம். எல்லாம் கணக்கைப் பொறுத்தது. உரத்தின் செலவை யார் தலையில் போடுவது, வறட்சி மாதத்து நட்டம் யாருக்கு, கிழட்டுச் செடி மலை கிடைத்தவருக்கு என்ன ஈடு, ஏல விலை விழுந்தால் பங்கு எவ்வளவு விழும்? சம்பளப் பேச்சில் இதுவரை கம்பனி உற்பத்தித்திறனைப் பேசியது, தொழிற்சங்கம் விலைவாசியைப் பேசியது. இந்த முறை சங்கத்தின் பக்கத்து நாற்காலியில் கம்பனியின் கணித மாதிரியைப் பிரித்துப் பார்த்து எண்களை மாற்றிப் போட்டுக் காட்டக்கூடிய ஓர் ஆள் உட்கார வேண்டும். அப்படி ஒருவரை உருவாக்க, உயர்தரத்திலிருந்து கலாநிதிப் பட்டம் வரை எப்படியும் பத்து வருடத்துக்கு மேலாகும்.