அறுந்த ஜவ்வுக்கு அவகாசம்

முழங்காலின் உட்பக்க ஜவ்வு கிழிந்தால் பிரேஸ் போட்டு ஆறவிடுகிறார்கள். மூட்டுக்கு நடுவே ஓடும் முன்சிலுவை ஜவ்வு, அதாவது ஏசிஎல், அறுந்தால் மட்டும் பேச்சு உடனே ஆபரேஷனுக்குப் போய்விடுகிறது. காரணம் இல்லாமல் இல்லை. உட்பக்க ஜவ்வில் கசியும் ரத்தம் அங்கேயே உறைந்து, அதைப் பற்றிக்கொண்டு புதுத் திசு வளரும். ஏசிஎல் கிடப்பதோ மூட்டுநீருக்கு நடுவே. அறுந்த முனைகளுக்கிடையே ரத்தக்கட்டி நிலைப்பதில்லை. அது தானாக ஒட்டாது என்றே நெடுங்காலம் நம்பினார்கள்.

உடனே ஆபரேஷன் என்ற எண்ணத்தை அசைத்தது சுவீடனில் நடந்த ஓர் ஆய்வு. ஏசிஎல் அறுந்த, 18 முதல் 35 வயதுள்ள 121 பேரில் ஒரு பாதிக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மறுபாதிக்கு முதலில் பிசியோதெரபி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன். 2010-ல் வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டுகள் கழித்து வலியிலும் ஆட்டத்திறனிலும் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் அப்படித்தான். ஆனால் அதற்குள் பிசியோ தரப்பில் பாதிப்பேர் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்கள். இதைத் தோல்வி என்பவர்கள் உண்டு. பாதிப்பேர் கத்தி படாமல் தப்பினார்கள் என்றே நான் படிக்கிறேன். (உச்சநிலைத் தொழில்முறை வீரர்கள் இதில் சேர்க்கப்படவில்லை.)

ஆஸ்திரேலியாவில் இன்னும் துணிந்தார்கள். முழங்காலை 90 டிகிரிக்கு மடக்கினால் அறுந்த முனைகள் நெருங்கும். அந்நிலையிலேயே நான்கு வாரம் பிரேஸில் பூட்டி, பிறகு மெல்ல மெல்ல நீட்டவிட்டு, 12-வது வாரத்தில் கழற்றினார்கள். 2023-ல் வெளியான இந்த ஆய்வில், 80 பேரில் 72 பேருக்கு மூன்றாம் மாத எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஜவ்வு கூடுவதற்கான அடையாளம் தெரிந்தது. எண் மயக்குகிறது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. அசையாத காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. வீட்டில் தானாகச் செய்து பார்க்கிற வேலை அல்ல இது.

வழக்கமான பிசியோவில் முதலில் வீக்கம் வடிய வேண்டும், கால் முழுதாக நீள வேண்டும். பின்தொடைத் தசை வலுத்தால், கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் அது இழுத்துப் பிடிக்கும். அதன் பிறகு சமநிலைப் பயிற்சி, ஒற்றைக்கால் தாண்டல், கடைசியில் திசை திருப்பும் ஓட்டம். இவ்வளவுக்குப் பிறகும் திரும்பும்போது மூட்டு பிசகினால், பிடிவாதம் வேண்டாம். ஒவ்வொரு பிசகலிலும் மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் நசுங்கக்கூடும். அப்போது ஆபரேஷனே நல்லது.